"இவங்க நம்ம ஆளா?" – பொது உதவியும் வெளியாள் என்ற பேச்சும்



இந்த முறைப் பாடத்தை ஒரு வரிசையில் இருந்து ஆரம்பிப்போம். நம்மில் பலரும் நின்ற வரிசைதான். 2023ஆம் ஆண்டில் அஸ்வெசும உதவித் திட்டம் தொடங்கியபோது, பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு கொடுக்க நாடு முழுவதும் வரிசை கட்டினார்கள். கினிகத்தேனைப் பக்கத்து மழையில் அப்படி ஒரு வரிசையை மனதில் நினைத்துப் பாருங்கள். தலையில் சாக்குப் போட்ட தோட்டத்துப் பாட்டி ஒருவர் நிற்கிறார். அவருக்கு முன்னால் குடை பிடித்தபடி பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் நிற்கிறார். இரண்டு பேருக்கும் அரைகுறையாக மற்றவர் பாஷை தெரியும்.

"அக்கே, உங்களுக்குத் தோட்டத்துல லயம் இருக்கு, டிஸ்பென்சரி இருக்கு, பிள்ளைக் காம்பரா இருக்கு. எல்லாம் கம்பனி பாக்குது. இதுவும் வேணுமா?" என்று கேட்கிறார் பெரியவர்.

பாட்டி விடுவாரா? "நீங்க சொல்றீங்க மாத்தயா! உங்களுக்கு நாட்டுல சொந்தக் காணி இருக்கு, ரெண்டு பலா நிக்குது, மிளகுக் கொடி இருக்கு. கவுண்மெண்டு குடுக்கிறது எல்லாம் உங்க ஆளுங்களுக்குத்தானே வந்து சேருது?"

இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் ஏழைகள். ஆனாலும் 'எனக்கு வர வேண்டியதை இவங்க எடுத்துக்கிறாங்க' என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? வேறு வேறு இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டில், வெளியூரில் இருந்து வந்த மக்கள் இருக்கும் நாட்டில், ஏழைகளுக்கான பொது உதவிக்கு ஆதரவு குறைந்து போகுமா? இதுதான் இன்றைய பாடம்.

1. மரண உதவிச் சங்கத்தை நினைத்துக் கொள்ளுங்கள்

ஒவ்வொரு தோட்டத்திலும் மரண உதவிச் சங்கம் உண்டு. மாதா மாதம் ஒரு தொகை கட்டுகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தக் காசு அங்கே போகிறது. ஏன் கட்டுகிறோம்? இன்றைக்கு அவங்க வீட்டில், நாளைக்கு நம்ம வீட்டில். 'அவங்களும் நம்ம ஆளு' என்ற எண்ணம் இருக்கிற வரைக்கும் சங்கம் ஓடும்.

நேற்று வந்து குடியேறிய குடும்பத்தில் சாவு விழுந்தால் பேச்சு மாறுவதையும் பார்த்திருப்பீர்கள். "இவங்க எத்தனை மாசம் கட்டினாங்க?" "இவங்க நாளைக்குப் போயிட்டா?" என்ற கேள்விகள் வரும். கேட்பவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. பொதுப் பணத்தைப் பகிரும்போது மனிதருக்கு இயல்பாக வரும் கேள்வி அது.

அரசாங்கத்தின் பொது உதவியும் ஒரு பெரிய மரண உதவிச் சங்கம் மாதிரிதான். எல்லாரும் வரி கட்டுகிறோம். நாம் வாங்கும் சீனியிலும் கூட வரி இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உதவிப் பணம் எல்லாம் நடக்கின்றன. அதில் 'அங்கத்தவர் யார்?' என்ற கேள்வி வரும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

2. படித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். அல்பெர்டோ அலசீனா, எட்வர்ட் கிளேசர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2004ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய நாடுகள் ஏழைகளுக்கு அதிகம் செலவழிக்கின்றன, அமெரிக்கா குறைவாகச் செலவழிக்கிறது, அது ஏன் என்பது அவர்கள் கேள்வி. அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழப் பாதிக்கு, அமெரிக்காவில் பல இனத்தவர் வாழ்வதும், 'உதவி வாங்குகிறவர்கள் வேறு இனத்தார்' என்ற எண்ணமும் காரணம் என்றார்கள். மீதிப் பாதிக்கு அரசியல் அமைப்புகளின் வித்தியாசம் காரணம் என்றார்கள்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1935ஆம் ஆண்டு அமெரிக்கா முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டு வந்தபோது, வயல்களில் கூலி வேலை செய்தவர்களையும் வீட்டு வேலைக்காரரையும் அதில் சேர்க்கவில்லை. கறுப்பின உழைப்பாளரில் பெரும்பாலோர் அந்த வேலைகளில்தான் இருந்தார்கள். இனப் பாகுபாடே காரணம் என்பர் சிலர். அப்படிப்பட்ட கூலிகளிடம் சந்தா சேர்ப்பது கஷ்டம் என்பதால் விட்டார்கள் என்பர் வேறு சிலர். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். அந்த மக்கள் பின்னாளில்தான் உள்ளே வந்தார்கள்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. கீத் பாண்டிங், வில் கிம்லிகா என்ற கனடா அறிஞர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பல நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறுபான்மையினரின் மொழியையும் பண்பாட்டையும் மதித்துச் சட்டம் செய்த நாடுகளில் பொது உதவி அதனால் குறைந்து போகவில்லை என்று கண்டார்கள். கனடாவையே பாருங்கள். உலகத்தின் எல்லா மூலையில் இருந்தும் அங்கே மக்கள் போய்க் குடியேறியிருக்கிறார்கள். இருந்தும் எல்லாருக்குமான அரசு மருத்துவத் திட்டத்தை அந்த நாட்டு மக்கள் கைவிடவில்லை.

ஆகவே பல இனத்தவர் சேர்ந்து வாழ்வதால் மட்டும் உதவி வற்றிப் போவதில்லை. யார் 'நம்ம ஆள்', யார் 'வெளியாள்' என்று சட்டமும் அரசியலும் எப்படிக் கோடு போடுகின்றன என்பதே பெரிய விஷயம். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம்ம கதையே போதும்.

3. கோடு போட்ட கதை

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின்படி இலங்கையில் 21 வயது வந்த ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அந்தக் காலத்தில் ஆசியாவில் இது பெரிய சங்கதி. ஆனால் இந்தியாவில் இருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கும் அப்படியே கொடுக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. இறுதியில், இங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்று காட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு நம்மவருக்கு வாக்குக் கிடைத்தது.

1937ஆம் ஆண்டு கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்கு இல்லாமல் செய்தார்கள். கிராமத்துக்கு ரோடும் கிணறும் போடும் சபை அது. நம்ம லயம் அதே மலையில்தான் இருந்தது. ஆனால் கணக்கில் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்குரிமை வந்த பிறகுதான் இலங்கையில் பொது நன்மைத் திட்டங்கள் வளர்ந்தன. ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தருவதாகச் சொல்ல வேண்டியிருந்தது. 1942 முதல் அரிசிப் பங்கீடு நடந்தது. 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாக இருந்தபோது இலவசக் கல்வி வந்தது. இலவச வைத்தியம் பரவியது. உலகமே பேசிய திட்டங்கள் இவை.

சரியாக அதே காலத்தில் நாம் வெளியே தள்ளப்பட்டோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. மறு வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தவர் என்று காட்டினால்தான் பிறப்பால் பிரஜை. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் கீழ் 8 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று 1949ஆம் ஆண்டே இன்னொரு சட்டமும் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை.

இதைச் சிங்களவர், தமிழர் சண்டை என்று மட்டும் பார்க்க வேண்டாம். என்.எம். பெரேரா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரிச் சிங்கள, பறங்கியத் தலைவர்கள் நமக்காகப் பேசினார்கள். தமிழ்க் காங்கிரஸோ இதே விஷயத்தில் இரண்டாக உடைந்தது. பிரிந்து வந்த செல்வநாயகம் 1949ஆம் ஆண்டு தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 'வெளியாள்' என்ற கோடு மொழிக் கோட்டின் மேலேயே எப்போதும் விழுவதில்லை.

4. இரண்டு சட்டி

வாக்கு இல்லாத மக்களுக்காக யார் பேசுவார்? நாட்டில் இரண்டு சட்டியில் சோறு பொங்கியது என்று சொல்லலாம். ஒரு சட்டி அரசாங்கத்துடையது, அது கிராமத்துக்கும் பட்டணத்துக்கும். இன்னொரு சட்டி தோட்டத்துடையது, அது லயத்துக்கு. வீடு, தண்ணி, டிஸ்பென்சரி, பள்ளிக்கூடம் எல்லாம் துரை கையில்.

வரிசையில் நின்ற பெரியவர் சொன்னது இதைத்தான். 'கம்பனி பாக்குது' என்றார். தோட்டத்துச் சட்டியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் ஒரே கட்டிடம், ஒரே வாத்தியார், சின்ன வகுப்போடு முடியும். 1960களின் ஆரம்பத்தில் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1977க்குப் பிறகுதான் அவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி வந்து 32 வருடம் கழித்து! அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே கூடையைத் தூக்கிவிட்டது.

1974ஆம் ஆண்டை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுக்க அரிசி, மாவுத் தட்டுப்பாடு. கிராமத்துச் சனத்துக்குப் பலாக்காயும் மரவள்ளியும் நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துச் சனத்துக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் பட்டினியும் சாவும் கூடியது. ஓட்டும் இல்லை, காணியும் இல்லை என்றால் பஞ்சம் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று அந்த வருடம் காட்டியது.

5. நாட்டுச் சனத்தின் மனக்குறையும் பொய்யில்லை

நம்ம பக்கத்து நியாயத்தை மட்டும் பேசினால் பாடம் அரைகுறையாகிவிடும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தைக் கொண்டு வெள்ளைக்காரன் கண்டி மலைநாட்டின் காடுகளையும் சேனைக் காணிகளையும் அரசுக் காணி என்றான். பிறகு கோப்பித் தோட்டங்களுக்கு விற்றான். மாடு மேய்த்த இடமும் விறகு பொறுக்கின இடமும் கிராமத்துக்கு இல்லாமல் போயின. கண்டிய விவசாயிகளின் கஷ்டத்தை ஆராய ஒரு ஆணைக்குழுவே அமைத்து 1951ஆம் ஆண்டு அறிக்கை வந்தது.

கிராமத்தானின் கண்ணில் பட்டது யார்? லண்டனில் இருந்த கம்பனி முதலாளி அல்ல. மலையில் கொழுந்து எடுத்த நம்ம பாட்டன் பாட்டிதான். காணியை எடுத்தவன் ஒருவன், பழி சுமந்தவன் இன்னொருவன். எங்கெல்லாம் வந்தேறிகளின் பேரில் கோபம் கிளம்புகிறதோ, அங்கெல்லாம் இந்தக் கதை கொஞ்சமாவது இருக்கும். கோபத்துக்குக் காரணம் உண்மையாக இருக்கலாம், ஆனால் விரல் நீட்டும் இடம் பிழையாக இருக்கும்.

6. அங்கேயும் வெளியாள்

1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பற்றிப் பேசினார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்றார்கள். மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974ஆம் ஆண்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நம்மைக் கேட்டுப் பிரித்தார்களா? இல்லை.

அங்கே போனவர்களில் பலருக்கு நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை கிடைத்தது. இங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள். ஒரே பாஷை, ஒரே சாமி. இருந்தாலும் வெளியாள். ஆகவே பேச்சும் தோலும் ஒன்றாக இருந்தால் போதும், பகிர்ந்து கொள்வார்கள் என்று நினைப்பது சரியில்லை.

இதற்கு மாறான உதாரணமும் பக்கத்திலேயே உண்டு. பிரேர்ணா சிங் என்ற அறிஞர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்திய மாநிலங்களை ஒப்பிட்டார். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சாதியும் மதமும் பல இருந்தாலும், 'நாம் எல்லாரும் இந்த மண்ணின் மக்கள்' என்ற உணர்வு பலமாக வளர்ந்தது. அதனால் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் ஆதரவு கூடியது என்கிறார். பிறகு அந்தக் கேரளத்துக்கே வங்காளம், அசாம், பீகார் பக்கமிருந்து லட்சக்கணக்கில் கூலி வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். கேரள அரசாங்கம் அவர்களை 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளி என்று அழைத்தது. 2017ஆம் ஆண்டு 'ஆவாஸ்' என்ற மருத்துவக் காப்புறுதியும் கொண்டு வந்தது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஏலாது. ஆனால் கூப்பிடும் பெயர் மாறினால் கவனிக்கும் விதமும் மாறத் தொடங்கும் என்பதைப் பார்க்கிறோம்.

7. வாக்கு வந்தது, சட்டி ஒன்றாகத் தொடங்கியது

1977ஆம் ஆண்டு திரு. சௌ. தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். 1978ஆம் ஆண்டு மந்திரியானார். 1986 ஜனவரியில் தோட்டங்கள் எங்கும் பிரார்த்தனைப் போராட்டம் நடந்தது. அதே வருடமும் 1988ஆம் ஆண்டும் நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டங்கள் வந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. 1948இல் இருந்து எண்ணினால் 55 வருடம்.

வாக்கு வந்ததும் மற்றவை மெதுவாகப் பின்னால் வந்தன. பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார்கள் வந்தார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க ஏலாமல் இருந்தது. 2018ஆம் ஆண்டு அதைத் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலில் நம்ம அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றாகியது.

இன்னும் குறை நிறைய இருக்கிறது. 1995ஆம் ஆண்டு சமுர்த்தி தொடங்கியபோது, மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று சொல்லித் தோட்டக் குடும்பங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் வறுமை நூற்றுக்கு 14.3, தோட்டத்துறையில் 33.8. இரண்டு சட்டிக் காலத்தின் கடன் இன்னும் தீரவில்லை.

இங்கே ஒரு படிப்பினை உண்டு. இலவசக் கல்வி, இலவச வைத்தியம் போல எல்லாருக்கும் பொதுவான உதவியை ஒழிக்க யாரும் இலேசில் துணிய மாட்டார்கள். கிராமத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே கிளினிக்கில் ஊசி போடும்போது, அந்தக் கிளினிக்குக்காக இரண்டு பக்கமும் கதைக்கும். 'இன்னாருக்கு மட்டும்' என்று பட்டியல் போடும் உதவியில்தான் பொறாமை கிளம்புகிறது. அஸ்வெசுமவில் மேன்முறையீடு மட்டுமல்ல, பட்டியலில் உள்ள மற்றவர் பெயருக்கு ஆட்சேபனை கொடுக்கவும் வழி வைத்தார்கள். தகுதியில்லாதவரை நீக்க அது தேவைதான். ஆனால் பக்கத்து வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்கும் பழக்கமும் அதனால் வளரும்.

8. நம்ம லயத்துக்குள்ளே?

இனி கஷ்டமான கேள்விக்கு வருவோம். நாம் யாரையாவது வெளியாள் ஆக்குகிறோமா?

இன்றைக்கு லயத்தில் இருப்பவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. கொழும்பில் கடையில் நிற்கிறார்கள், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார்கள், கிராமத்து மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்கள். புது வீடு வரும்போது, பிள்ளைக் காம்பராவில் இடம் கேட்கும்போது, "அவங்களுக்கு செக்ரோல்ல பேர் இல்லையே, அவங்களுக்கு எதுக்கு?" என்று நாமே கேட்கிறோம். கல்யாணம் கட்டி வேறு தோட்டத்தில் இருந்து வந்த குடும்பத்தை, பத்து வருடம் கழித்தும் 'வந்த ஆளுங்க' என்கிறோம். 1937ஆம் ஆண்டு கிராமச் சபை நம்ம பாட்டனிடம் கேட்ட கேள்வியும் இதுதானே?

ஒழுங்கு வேண்டும், விதி வேண்டும். சந்தா கட்டாதவருக்குச் சங்கத்துக் காசு இல்லை என்பது நியாயம். ஆனால் சந்தா கட்டவே விடாமல் வைத்துவிட்டு, 'நீ கட்டவில்லையே' என்று கேட்பது நியாயமில்லை. நமக்கு நடந்தது அதுதான். அதை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

9. என்ன செய்யலாம்?

முதலாவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், அடையாள அட்டை இல்லாதவர் ஒருவர்கூட நம்ம லயத்தில் இருக்கக் கூடாது. 1949இல் காகிதம் இல்லாததால் விழுந்த அடியை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, வாக்காளர் இடாப்பு. 18 வயது ஆன பிள்ளைகளின் பெயரைப் பதிய வையுங்கள். கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையின் பெயர் எங்கே பதிந்திருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாவது, கிராமத்தோடு சேர்ந்து கேளுங்கள். ஒரே ரோடு தோட்டத்துக்கும் நாட்டுக்கும் போகிறது, ஒரே மண்சரிவு இரண்டையும் அடிக்கிறது. தனித்தனி மனுவை விட, சிங்களத்திலும் தமிழிலும் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒரு மனு பலமானது.

நாலாவது, பிள்ளைகளுக்குச் சிங்களம் கற்றுக் கொடுங்கள். வரிசையில் நிற்கிற பெரியவருக்குத் தோட்டத்துச் சட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்ல நம்மவருக்கும் வாய் வேண்டும்.

அந்த வரிசைக்குத் திரும்புவோம். பாட்டி சொல்லக் கூடியது இப்படி இருக்கலாம்: "மாத்தயா, லயத்துக் கூரை ஒழுகுது. டிஸ்பென்சரியில டாக்டர் இல்ல. நீங்களும் மழையில நிக்கிறீங்க, நானும் நிக்கிறேன். உங்க பேரும் வரணும், என் பேரும் வரணும்." அதற்குப் பெரியவர் குடையைக் கொஞ்சம் பாட்டி பக்கம் சாய்த்தால், நம்ம பாடம் பாதி முடிந்த மாதிரிதான்.

கலந்து பேசச் சில கேள்விகள்
(மாதர் சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் படித்துப் பேசலாம்)

1. உங்கள் குடும்பத்தில் யாருக்கு, எந்த வருடம் பிரஜாவுரிமை கிடைத்தது? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.
2. உங்கள் மரண உதவிச் சங்கத்தில் புதிதாக வந்த குடும்பம் சேர என்ன விதி? அது நியாயமானதா?
3. பக்கத்துக் கிராமத்தாருக்கும் உங்களுக்கும் பொதுவான குறைகள் மூன்றைச் சொல்லுங்கள். அதில் எதற்குச் சேர்ந்து மனுப் போடலாம்?
4. 'எல்லாருக்கும்' கிடைக்கும் உதவி, 'பட்டியலில் உள்ளவருக்கு மட்டும்' கிடைக்கும் உதவி – இரண்டிலும் உள்ள நன்மை தீமை என்ன?